ஹிம்மல்பியர்கெட்: டென்மார்க்கின் வான்மலைக்குப் போகுமுன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

நான் ஆர்ஹூஸ் நகரத்தில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் இரண்டு நாள் நகரத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, மூன்றாம் நாள் இந்த மலைக்குக் கூட்டிப்போவது எங்கள் வீட்டு வழக்கம். வருகிறவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் வாய் வலிக்கச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

மலை எங்கே?

சிரிக்காதீர்கள், முதல் கேள்வியே இதுதான். அத்தையை முதல் தடவை காரில் அழைத்துப்போனேன். கார் நிறுத்துமிடத்தில் இறங்கினோம். சுற்றிலும் சமதரை, எதிரே வரிசையாகப் பொம்மைக் கடையும் ஐஸ்க்ரீம் கடையும். அத்தை இடுப்பில் கைவைத்து ஒரு சுற்று பார்த்துவிட்டு, "ஏண்டா, மலைக்குப் போறோம்னு சொன்னியே, மலை எங்கடா?" என்றார். "அதுமேலதான் நிக்கிறீங்க அத்தை" என்றேன். அவர் நம்பவில்லை. கடைகளைத் தாண்டிச் சில நூறு மீட்டர் நடந்து கோபுரத்தடிக்குப் போனபிறகுதான் தரை சட்டென்று கீழே இறங்கும். மரங்களுக்கு அப்பால் ஏரி, ஏரிக்கு அப்பால் காடு, அதற்கும் அப்பால் மறுபடி ஏரி.

தப்பு என்னுடையது. இந்த மலையைப் பின்வாசல் வழியாகக் காட்டினால் இப்படித்தான் ஆகும். கீழே இருந்து, அதாவது ஏரிப் பக்கமிருந்து வந்தால்தான் மலை மலையாகத் தெரியும். இந்தக் குறிப்பில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பெயரை எப்படிச் சொல்வது? என்ன பொருள்?

ஹிம்மல்பியர்கெட். 'ஹிம்மல்' என்றால் வானம். சொர்க்கத்துக்கும் டேனிய மொழியில் அதே சொல்தான். 'பியர்க்' என்றால் மலை. கடைசியில் வரும் 'எட்', 'அந்த' என்று சுட்டிக்காட்டுகிற ஒட்டு. ஆக, வான்மலை. கடைசி எழுத்துகளை டேனியர்கள் பாதி விழுங்கிவிடுவார்கள். நீங்கள் முழுசாகச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள், கவலை வேண்டாம்.

பக்கத்து ரயில் நிலையத்தின் பெயர் ரூ. தமிழில் எழுதினால் ரூபாய் மாதிரி இருக்கிறது, என்ன செய்வது.

உயரம் 147 மீட்டர்தானாமே? இதையெல்லாமா மலை என்பார்கள்?

கடல்மட்டத்திலிருந்து 147 மீட்டர், உண்மைதான். நார்வேக்காரர்களும் சுவீடன்காரர்களும் இந்தப் பெயரைக் கேட்டாலே சிரிப்பார்கள், டேனியர்களும் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள். ஆனால் வேடிக்கை என்னவென்றால், உயரத்தைவிட இது உருவான விதம்தான் விசித்திரம். பல மலைகள் பூமி மேலெழும்பியதால் வந்தவை. இங்கே எதுவும் மேலெழும்பவில்லை, சுற்றியிருந்த மண்தான் போய்விட்டது.

கடைசிப் பனியுகத்தில் யூட்லாந்து தீபகற்பத்தின் கிழக்குப் பகுதி முழுக்கப் பனிப்பாளத்தின் அடியில் கிடந்தது. பனி உருகிய தண்ணீர் அந்தப் பாளத்துக்கு அடியிலேயே, மேலிருந்த அழுத்தத்தில், ஆறாக ஓடித் தரையைக் குடைந்தது. அந்தக் குடைவுகளில் ராட்சதப் பனிக்கட்டிகள் புதைந்து கிடந்து, மெல்ல மெல்லக் கரைந்தபோது மிஞ்சிய பள்ளங்கள்தான் இன்றைய ஏரிகள். குடையப்படாமல் தப்பிய மேட்டுநிலத்தின் விளிம்புதான் நம் வான்மலை. இப்படி ஒரு பக்கம் சமதரையாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருப்பதை டேனியர்கள் 'பொய்க்குன்று' என்றே சொல்கிறார்கள். அத்தையின் கேள்விக்கு நிலவியலின் பதிலும் அதுதான்: கார் வந்த பக்கத்தில் மலையே கிடையாது.

காலடியில் இருக்கிற யூல் ஏரியின் நீர்மட்டம் கடலைவிட ஏறக்குறைய 20 மீட்டர்தான் உயரம். அதனால் படகிலிருந்து அண்ணாந்து பார்க்கும்போது 120 மீட்டருக்கு மேல் ஒரே சரிவாக எழுந்து நிற்கும். தட்டையான நாட்டில் நாலு நாள் இருந்துவிட்டு அதைப் பாருங்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள்.

டென்மார்க்கிலேயே உயரமான இடம் இதுதானே?

அப்படித்தான் ஊர் உலகமே நம்பியிருந்தது, 1847 வரை. அந்த ஆண்டு அளந்து பார்த்ததில், தென்கிழக்கே இருக்கிற எய்யர் பவ்னஹோய் என்ற மேடு இதைவிட உயரம் என்று தெரிந்தது. முதல் சொல்லை டேனியர்கள் சொல்லிக் கேட்டால் நம் காதில் 'ஐயர்' என்றே விழும். போர்ச் செய்தி சொல்ல உச்சியில் தீ மூட்டும் மேடுகளுக்குத்தான் 'பவ்னஹோய்' என்று பெயர்.

அந்தப் பட்டமும் நிலைக்கவில்லை. அதற்குப் பக்கத்திலேயே யூடிங் ஸ்கவ்ஹோய் என்று இன்னொன்று. அதன் உச்சியில் வெண்கலக் காலத்துப் புதைமேடு ஒன்று இருக்கிறது. மனிதர்கள் குவித்த மண்ணைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று வெகுகாலம் வழக்காடினார்கள். சேர்த்தால் 172 மீட்டருக்கு மேல், சேர்க்காவிட்டால் 170.77. கடைசியில் 2005-இல் புதிதாக அளந்தபோது மெல்லஹோய் என்ற இடம் 170.86 மீட்டர் என்று வந்து, இயற்கையான உச்சிகளில் அதுவே முதல் என்று முடிவானது. வித்தியாசம் 9 சென்டிமீட்டர். எய்யர் 170.35 மீட்டரோடு மூன்றாவது.

வான்மலை இந்தப் போட்டியில் கிட்டக்கூட வராது, 23 மீட்டருக்கு மேல் குறைவு. ஆனாலும் கூட்டம் இங்கேதான் வருகிறது. பட்டம் போனாலும் மவுசு போகவில்லை.

உச்சியில் இருக்கிற செங்கல் கோபுரம் என்ன? தேவாலயமா?

தேவாலயம் இல்லை, நினைவுக் கோபுரம். 25 மீட்டர் உயரம், 1875-இல் திறந்தது, வடிவமைத்தவர் லுட்விக் ஃபெங்கர் என்ற கட்டடக் கலைஞர். யாருடைய நினைவு என்றால், ஏழாம் ஃப்ரெடெரிக் மன்னர். டென்மார்க்கில் 1660 முதல் மன்னர் சொன்னதே சட்டம். 1849 ஜூன் 5 அன்று அரசியல் சட்டத்தில் கையெழுத்துப் போட்டு அந்த அதிகாரத்தை விட்டுக்கொடுத்தவர் இவர். அவர் 1863-இல் இறந்தார். பன்னிரண்டு வருஷம் கழித்து, அதே ஜூன் 5 அன்று கோபுரத்தைத் திறந்தார்கள்.

உள்ளே ஏறலாம், சின்னக் கட்டணம் உண்டு. லிஃப்ட் கிடையாது, படிக்கட்டு மட்டும்தான். மேலே போனால் காட்சி அப்படியே விரியும் என்று சொல்வார்கள். என்னைக் கேட்டால், கோபுரத்தின் அடியில் விளிம்போரம் நின்று பார்ப்பதே போதும். ஆனால் குழந்தைகளைக் கூட்டிவந்தால் தப்பமுடியாது, ஏறித்தான் ஆகவேண்டும்.

ஏன் இந்த மலைக்கு இவ்வளவு மரியாதை? வரலாறு என்ன?

கோபுரத்துக்கு முன்னாலேயே கதை தொடங்கிவிட்டது. ஸ்டேன் ஸ்டேன்சன் ப்ளிக்கர் என்றொரு பாதிரியார், 1782-இல் பிறந்தவர். கவிஞர், சிறுகதைக்காரர், வேட்டைப் பிரியர். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு யூட்லாந்தின் புதர்க்காடுகளில் நாள்கணக்கில் அலைவார், குடிசைகளில் தங்கிக் கதை கேட்பார். கையில் காசு நின்றதே இல்லை. பாதிரி வேலையைவிட எழுத்தும் அலைச்சலுமே அவருக்கு வாழ்க்கை என்று சொன்னால் அவரே ஒப்புக்கொண்டிருப்பார்.

1839 ஆகஸ்டில் அவர் இந்த மலைமேல் ஒரு கூட்டம் கூட்டினார். விவசாயி, நகரத்தான், படித்தவன், படிக்காதவன் எல்லோரும் ஒரே இடத்தில் நின்று பேச்சு கேட்க வேண்டும், பாட வேண்டும் என்பது அவர் ஆசை. இன்றைக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். மன்னர் சொல்வதே சட்டம் என்றிருந்த நாட்டில், அரண்மனையோ தேவாலயமோ கூட்டாமல் ஜனங்கள் தாங்களாக ஓரிடத்தில் கூடி நாட்டைப் பற்றிப் பேசுவது சாதாரண விஷயமில்லை. அது 1840-களிலும் தொடர்ந்தது. மலைத் திருவிழா என்றால் அரசியலும் சேர்ந்துதான் என்றாகிவிட்டது.

ப்ளிக்கர் 1848 மார்ச்சில் காலமானார். அரசியல் சட்டம் வர இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. கோபுரம் மன்னருடைய நினைவுக்கு, கவிஞருக்கு ஒரு நினைவுக் கல். கூட்டம் கோபுரத்தைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறது, அந்தக் கல்லையும் தேடிப் பாருங்கள்.

ஜூன் 5 அன்று போனால் விசேஷமாக இருக்குமா?

இருக்கும். அரசியல் சட்ட நாள். இன்றும் அன்றைக்கு நாடு முழுக்கத் திறந்தவெளிக் கூட்டங்கள் நடக்கும், இந்த மலையில் நடப்பது பேர்போனது. அரசியல்வாதிகள் பேசுவார்கள், ஜனங்கள் புல்தரையில் உட்கார்ந்து கேட்பார்கள், சிலர் பாதியில் காபி வாங்க எழுந்துபோவார்கள். பெண்களுக்கு நாடாளுமன்ற ஓட்டுரிமை தந்த திருத்தத்தில் கையெழுத்தானதும் இதே தேதியில்தான், 1915-இல். 1849-இன் சட்டம் முப்பது வயது தாண்டி, சொந்தமாகக் குடித்தனம் நடத்துகிற ஆண்களுக்குத்தான் ஓட்டுப் போட இடம் கொடுத்திருந்தது.

டேனிய மொழி தெரியாவிட்டால் பேச்சு போரடிக்கும். அமைதியாகக் காட்சி பார்க்க வேண்டுமென்றால் வேறு நாள் போங்கள்.

டென்மார்க் என்றால் நமக்குத் தரங்கம்பாடிதானே தெரியும். இந்த மலைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியாக இல்லை. ஆனால் காலம் ஒட்டி வருகிறது. 1620 முதல் டேனியர்கள் கையில் இருந்த தரங்கம்பாடியை 1845-இல்தான் பிரிட்டிஷாரிடம் விற்றார்கள். ஆக, ப்ளிக்கர் முதல் கூட்டம் கூட்டிய நாளில் தரங்கம்பாடிக்காரர்களும் இந்த மலைக்காரர்களும் ஒரே மன்னரின் குடிகள். ஊருக்குப் போனால் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

எப்படிப் போவது?

மூன்று வழி. கோபன்ஹேகனிலிருந்து வந்தால் ரயிலில் ஸ்காண்டர்போர்க் வரை வந்து, சில்கெபோர்க் போகிற சின்ன ரயிலுக்கு மாறுங்கள். ஆர்ஹூஸ் வரை போய்த் திரும்பத் தேவையில்லை. ஆர்ஹூஸிலிருந்து அதே சின்ன ரயிலில் நேராக வரலாம். ரூ நிலையத்தைத் தாண்டியதும் இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். ரயில் ஏரியின் வடகரையோரம் ஓடும். தண்ணீருக்கு அந்தப் பக்கம் காடு மூடிய சரிவும் அதன் தலையில் குச்சி மாதிரி கோபுரமும் தெரியும். மலையை முதலில் பார்க்க வேண்டிய கோணம் இதுதான்.

பிறகு சில்கெபோர்க்கில் இறங்கிப் படகு. சுமார் ஒன்றேகால் மணி நேரப் பயணம். குடெனோ என்ற ஆறும் அது கோர்த்துப் போகிற ஏரிகளும்தான் பாதை. நாட்டிலேயே நீளமான ஆறு அது. ரூ ஊரிலிருந்தும் படகு உண்டு, அது இன்னும் கிட்டே.

நடக்கப் பிடிக்கும் என்றால் ரூவிலிருந்து ஏரியோரமாகவும் காட்டுக்குள்ளும் ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். சைக்கிளிலும் போகலாம், ஆனால் டென்மார்க் தட்டை என்று நம்பி கியர் இல்லாத சைக்கிளை எடுத்துவராதீர்கள். கார் பற்றித்தான் மேலேயே சொல்லிவிட்டேன்.

அந்தப் பழைய நீராவிப் படகு இன்னும் ஓடுகிறதா?

ஓடுகிறது. பெயர் யைலன், ஒரு பறவையின் பெயர். 1861 ஜூன் 24 அன்று முதல் ஓட்டம். ஏழாம் ஃப்ரெடெரிக் மன்னரே அதில் ஏறினார். கோபன்ஹேகனில் செய்த இயந்திரம் அன்று பூட்டியது, இன்றைக்கும் அதேதான். நிலக்கரி போட்டு, பக்கவாட்டில் சக்கரம் சுழன்று ஓடுகிற படகுகளில் உலகிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று.

ஏறியதும் எல்லோரும் முன்பக்க இருக்கைக்கு ஓடுவார்கள். நீங்கள் நடுப்பகுதிக்குப் போங்கள். பளபளவென்று துடைத்த பித்தளையும் எண்ணெய் மின்னுகிற இரும்புத் தண்டுகளும் மூச்சு விடுவதுபோல முன்னும் பின்னும் போய்வரும். சூட்டோடு எண்ணெய் மணமும் நிலக்கரி மணமும் முகத்தில் அடிக்கும். பக்கவாட்டில் சக்கரத்தின் பலகைகள் தண்ணீரை அறைகிற சத்தம் சீராகக் கேட்கும், வண்ணான்துறை போல. நான் அங்கேயே நின்று பாதிப் பயணத்தை முடித்துவிடுவேன்.

ஒன்று கவனம். எல்லா நாளும் எல்லா நேரமும் யைலன் போகாது. அதே வழியில் சாதாரணப் படகுகளும் போகின்றன. இதில்தான் ஏற வேண்டும் என்றால் அன்றைய அட்டவணையைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். குளிர்காலத்தில் படகே கிடையாது.

ஏறுவது கஷ்டமா? வயதானவர்கள் போகலாமா?

படகுத்துறையிலிருந்து உச்சிக்குக் காட்டுக்குள்ளே பாதை. சில இடங்களில் படி, சில இடங்களில் வேர்கள் ஓடுகிற வெறும் மண். நிதானமாக ஏறினால் அரைமணி நேரம். மூச்சு வாங்கும், ஆனால் பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை. மழை பெய்திருந்தால் வழுக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். காடு முழுக்கப் பீச் என்ற மரம். மே மாதத் தொடக்கத்தில் அதன் புது இலை வெயிலைப் பச்சையாக வடிகட்டிக் கொடுக்கும். டேனியர்கள் அதை ஒரு பண்டிகை மாதிரியே காத்திருந்து பார்ப்பார்கள்.

முழங்கால் வலி உள்ளவர்கள், சக்கர நாற்காலி, குழந்தை வண்டி என்றால் அந்தக் 'பின்வாசல்' வழியே நல்லது. காரிலிருந்து கோபுரத்தடி வரை பெரிய ஏற்றம் இல்லை. பொய்க்குன்று என்பதால் கிடைத்த லாபம்.

எந்த மாதம் நல்லது?

மே முதல் செப்டம்பர் வரை. ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆகஸ்டில் சரிவில் ஹெதர் செடிகள் ஊதா நிறத்தில் பூக்கும். ப்ளிக்கர் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் அந்தப் புதர்தான். எந்த மாதமானாலும் காற்றுத் தாங்கும் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும். கீழே வெயில் அடித்தாலும் விளிம்பில் காற்று சும்மா விடாது.

சாப்பாட்டுக்கு என்ன வழி? சைவம் கிடைக்குமா?

கீழே ஏரிக்கரையில் ஒன்று, மேலே ஒன்று என்று உணவகங்கள் உண்டு. கடைகளில் ஹாட்டாக், ஐஸ்க்ரீம். சைவக்காரர்கள் கம்பு போன்ற கருப்பு ரொட்டியில் வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டுகளை அடுக்கி, மயோனைஸும் பொடியாக நறுக்கிய வெங்காயத்தாளும் தூவிய பண்டத்தைக் கேளுங்கள். மேலே பன்றி இறைச்சித் துணுக்கு போடாதே என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மயோனைஸில் முட்டை உண்டு, அதுவும் ஆகாதென்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ரொட்டி கம்பில் செய்ததில்லை, ரை என்ற தானியம். நிறம்தான் அப்படி.

ஆனால் நான் சொல்வது கட்டுச்சோறு. எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போவோம். யாரும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை. டேனியர்களும் டப்பாவில் ரொட்டி கட்டிவந்து புல்லில் உட்கார்ந்து தின்கிற ஜனங்கள்தான். இங்கே யூரோ இல்லை, குரோனர். அட்டை இருந்தால் போதும்.

கடைசிப் படகைத் தவறவிட்டால்?

விட்டிருக்கிறோம். அத்தை இரண்டாம் முறை வந்தபோது. இந்தத் தடவை ஒழுங்காகப் படகில் கூட்டிப்போனேன், ஏரியிலிருந்து மலையைப் பார்த்ததும் "அட, இருக்குடா" என்றார். அந்தப் பெருமையில் நேரம் பார்க்க மறந்துவிட்டேன். கீழே இறங்கி வந்தபோது துறை காலி. ரூ வரை நடந்தே போனோம். ஏழு கிலோமீட்டர், அத்தைக்கு அறுபத்திரண்டு வயது, திட்டிக்கொண்டே நடந்தார். கோடை வெளிச்சம் இருந்ததால் பிழைத்தோம். இலையுதிர் காலத்தில் இந்த விளையாட்டு வேண்டாம். திரும்பும் படகின் நேரத்தைத் துறையிலேயே ஒரு படமெடுத்து வைத்துக்கொண்டு ஏறுங்கள்.

உயரத்தில் ஜெயித்த அந்த மூன்று மேடுகளையும் அதே நாளில் பார்க்கலாமா?

கார் இருந்தால் தாராளமாக. மூன்றும் ஸ்காண்டர்போர்க்குக்குத் தெற்கே, ஒன்றுக்கொன்று கிட்டத்தான். எய்யரில் 1924-இல் கட்டிய கோபுரம் இருக்கிறது. அங்கிருந்து மெல்லஹோய்க்குப் பொடிநடை. பெயருக்கு ஆலைமேடு என்று பொருள். 1838 முதல் 1917 வரை அங்கே ஒரு காற்றாலை நின்றது. இப்போது மிச்சமிருப்பது அதன் அரைகல் மட்டும். வயலோரத்தில் புல்லுக்கு நடுவே கிடக்கிறது. கோபுரம் இல்லை, ஏரி இல்லை, பெரிய காட்சியும் இல்லை. முதல் பயணத்தில், காரில் போன அன்று, அத்தை அந்தக் கல்லின் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்து மிச்சமிருந்த எலுமிச்சைச் சாதத்தை முடித்தார். நாட்டிலேயே உயரமான இடம் இதுதான் என்று நான் சொன்னேன். டப்பாவை மூடிக்கொண்டே, "இதையும் நான் நம்பணுமா?" என்றார்.